ஏடு கலைந்த சுவடிகள்: ஒரு பிடி மண்ணிலிருந்து நுண்ணுயிரின் மரபணுத்தொகுதியை மீட்பது எப்படி?

"ஏரி நீரில் இதுவரை அறியப்படாத நூற்றுக்கணக்கான நுண்ணுயிர்கள்" என்பது போன்ற தலைப்புகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. செய்தியை முழுக்கப் படித்தால், அவற்றில் ஒன்றைக்கூட எவரும் நுண்ணோக்கியில் பார்க்கவில்லை, தட்டில் வளர்க்கவில்லை என்று தெரியவருகிறது. நீரிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தார்கள், துண்டு துண்டாக வாசித்தார்கள், கணினியின் உதவியால் மரபணுத்தொகுதிகளை "மீட்டார்கள்". கண்ணால் காணாத உயிரைக் கண்டுபிடித்துவிட்டதாக எப்படிச் சொல்கிறார்கள் என்று வாசகர் திகைப்பது இயல்பு. "ஆற்றில் மருந்துக்கு அடங்காத கிருமியின் மரபணு" என்று வேறொரு செய்தி வரும்போது திகைப்போடு அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த இரண்டு செய்திகளையும் சரியாகப் படிக்க ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். மீட்கப்பட்ட மரபணுத்தொகுதி என்பது சான்றுகளை அடுக்கி அறிஞர்கள் எட்டிய ஒரு முடிவு. அந்த முடிவு எவ்வளவு உறுதியானது என்று அளக்க வழி இருக்கிறது, அளந்த மதிப்பெண்ணும் ஆய்வறிக்கையிலேயே இருக்கிறது. செய்தியாகும்போது முதலில் உதிர்ந்துபோவது அந்த மதிப்பெண்தான். சேலத்து மண்ணையும் நீரையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தட்டில் முளைக்காதவை

ஒரு நுண்ணுயிரை ஆராய வேண்டுமானால் அதை மற்றவற்றிடமிருந்து பிரித்துத் தனியே வளர்க்க வேண்டும் என்பது 1880-களில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் நிலைபெற்ற நடைமுறை. அகார் கூழ் ஊற்றிய தட்டில் மாதிரியைத் தடவி, முளைக்கும் திட்டுகளைப் பொறுக்கி எடுப்பார்கள். காசநோய்க்கும் காலராவுக்கும் காரணமான பாக்டீரியாக்கள் இப்படித் தனியே பிரித்து வளர்த்துத்தான் அகப்பட்டன. ஆனால் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. நுண்ணோக்கியில் எண்ணினால் தெரியும் செல்களில் நூற்றில் ஒன்றுகூடப் பெரும்பாலும் தட்டில் முளைப்பதில்லை. 1985-இல் ஸ்டேலி, கொனொப்கா என்ற இரு அறிஞர்கள் இதைத் "தட்டு எண்ணிக்கையின் பெரும் முரண்" என்று பெயரிட்டு எழுதினார்கள்.

ஏன் முளைப்பதில்லை? சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகளின் கழிவுநீரே இதற்கு விடை சொல்லும். மாவு படிந்து, திப்பி ஒதுங்கிய பிறகும் அந்த நீரில் மாவுச்சத்து ஏராளமாக மிஞ்சியிருக்கிறது. அதைக் காற்றுப் புகாத கலனில் விட்டால் எரிவாயு கிடைக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே நடப்பது நான்கு கைகள் மாறும் வேலை. ஒரு கூட்டம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. அடுத்த கூட்டம் சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைக்கிறது. கடைசியில், பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஆர்க்கியா என்ற வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் அவற்றை மீத்தேனாக மாற்றுகின்றன.

இதில் மூன்றாம் கூட்டத்தின் நிலை வியப்பானது. தான் வெளியிடும் ஹைட்ரஜன் தன்னைச் சுற்றித் தேங்கிவிட்டால், அந்த வேதிவினையிலிருந்து அதற்கு ஆற்றல் கிடைக்காது, பட்டினிதான். பக்கத்தில் இருக்கும் ஆர்க்கியா ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்துக்கொண்டால்தான் அதற்குப் பிழைப்பு. தனியே பிரித்து வளர்ப்பது என்ற கோக்கின் விதியே இத்தகைய உயிருக்குச் சாவு. ஆகவே உயிரை விட்டுவிட்டு அதன் எழுத்தை நேரடியாக மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் எடுக்கலாம் என்ற எண்ணம் 1980-களில் நார்மன் பேஸ் என்ற அமெரிக்க அறிஞரின் குழுவில் உருவானது. ஓர் இடத்தில் வாழும் எல்லா நுண்ணுயிர்களின் மரபணுத்தொகுதிகளையும் சேர்த்து "மெட்டாஜீனோம்" என்று 1998-இல் பெயரிட்டவர் ஜோ ஹேண்டல்ஸ்மன்.

மண்ணிலிருந்து எழுத்து

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரி. ஓர் உயிரின் முழு வரியும் சேர்ந்தது அதன் மரபணுத்தொகுதி. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு அது ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள். மரபணுக்கள் சுமார் 4,300. மனிதருக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள்.

ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடி படர்ந்த ஒரு காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு கிராம் மண் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் நூறு கோடி செல்கள் வரை இருக்கலாம். இனங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். முதல் வேலை, செல்களை உடைத்து டி.என்.ஏ.வை வெளியே கொண்டுவருவது. நுண்மணிகளோடு சேர்த்து வேகமாகக் குலுக்கி உடைப்பார்கள். தடித்த சுவருள்ள செல்கள் சரியாக உடைவதில்லை; மெல்லிய சுவருள்ளவை எளிதில் உடைந்து எண்ணிக்கையில் மிகுதியாகத் தோன்றும். முதல் படியிலேயே ஒரு சாய்வு நுழைந்துவிடுகிறது. அடுத்து, இலைச்சருகு மக்கிய மலை மண்ணின் பழுப்பு நிறத்துக்குக் காரணமான ஹியூமிக் அமிலங்கள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வந்து, பின்னால் பயன்படுத்தும் நொதிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. அவற்றைக் கழுவி நீக்க வேண்டும். அதன்பின் வாசிப்பு. பரவலாகப் புழங்கும் கருவிகள் ஒரு துண்டில் 150 எழுத்துகள் அளவே வாசிக்கும், ஆனால் கோடிக்கணக்கான துண்டுகளை மிகக் குறைந்த பிழையோடு வாசிக்கும். புதிய நீள்வாசிப்புக் கருவிகள் ஒரே துண்டில் பல ஆயிரம் எழுத்துகளை வாசிக்கின்றன.

அந்தாதியாகக் கோப்பது

ஒரு பழைய மடத்தில் ஆயிரம் நூல்களின் ஓலைச்சுவடிகள் இருந்தன என்று எண்ணிக்கொள்ளுங்கள். சில நூல்களுக்கு நூறு படிகள், சிலவற்றுக்கு ஒரே படி. கயிறுகள் இற்று, கட்டுகள் அவிழ்ந்து, ஏடுகள் கலந்து, ஒவ்வோர் ஏடும் விரல்நுனி அளவுக்கு நொறுங்கிக் குவிந்து கிடக்கிறது. அந்தக் குவியலிலிருந்து கைப்பிடி அளவு மட்டும் உங்களிடம் தருகிறார்கள். எந்த நூலையும் நீங்கள் முன்பு படித்ததில்லை. நூல்களை மீட்க வேண்டும். மண்ணிலிருந்து மரபணுத்தொகுதியை மீட்பவர்களின் நிலை இதுதான்.

முதலில் கைகொடுப்பது அந்தாதி. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாக வருவதைப்போல, ஒரு துண்டின் கடைசி எழுத்துகள் இன்னொரு துண்டின் முதல் எழுத்துகளாக இருந்தால், இரண்டும் ஒரே வரியின் அடுத்தடுத்த பகுதிகளாக இருக்கலாம். ஒரே நூலின் பல படிகள் வெவ்வேறு இடங்களில் உடைந்திருப்பதால்தான் இந்த மேற்படிதல் கிடைக்கிறது. ஒரே ஒரு படி மட்டும் இருந்து உடைந்திருந்தால் எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவே தெரியாது.

கோடிக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கக் கணினிக்கும் நேரம் போதாது. எனவே துண்டு ஒவ்வொன்றையும் சம நீளமுள்ள சிறு சொற்களாக, எடுத்துக்காட்டாக 31 எழுத்துச் சொற்களாக, ஓரெழுத்து நகர்த்தி நகர்த்தி வெட்டுகிறார்கள். 30 எழுத்துகள் பொதுவாக உள்ள இரு சொற்களுக்கிடையே ஒரு கோடு. இப்படி விரியும் வலைப்பின்னலில் கிளை பிரியாமல் நீளும் பாதைகளை மென்பொருள் நடந்து தீர்க்கிறது. அப்படிக் கிடைக்கும் நீண்ட வரிக்குக் "கான்டிக்" என்று பெயர். தமிழில் தொடர்த்துண்டு எனலாம். சில நூறு எழுத்துகளிலிருந்து சில லட்சம் எழுத்துகள் வரை இவை நீளும்.

பாதை எங்கே அறுகிறது? ஒரே பல்லவி பல பாட்டுகளில் வரும் இடத்தில். பல்லவி முடிந்ததும் எந்தப் பாட்டின் சரணத்துக்குப் போவது என்று 150 எழுத்துத் துண்டால் சொல்ல முடியாது. மரபணுத்தொகுதியிலும் அத்தகைய பல்லவிகள் உண்டு. முக்கியமானது, செல்லில் புரதம் கட்டும் பொறியான ரைபோசோமுக்குரிய 16-எஸ் மரபணு. எல்லா பாக்டீரியாக்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால்தான் அது இனங்களை அடையாளம் காணும் அட்டையாகப் பல ஆண்டுகள் பயன்பட்டது. அதே ஒற்றுமையால் அது கோப்பதில் சிக்கி, மீட்ட தொகுதிகளில் பெரும்பாலும் காணாமல் போகிறது. ஊரறிந்த பெயரட்டை கழன்றுபோன நிலையில் நூல் கிடைக்கிறது. பல்லவியைத் தாண்டி இருபுறமும் நீளும் துண்டுகளை வாசிப்பதால், நீள்வாசிப்புக் கருவிகளுக்கு இந்த இடத்தில் பெரிய மதிப்பு.

எவ்வளவு வாசித்தால் போதும்?

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பல செய்திகள் தெளிந்துவிடும்.

1. மாதிரியில் உள்ள டி.என்.ஏ.வில் ஒரு பாக்டீரியாவின் பங்கு ஆயிரத்தில் ஒன்று என்று கொள்வோம். அதன் தொகுதி 40 லட்சம் எழுத்துகள்.

2. ஓரளவு ஒழுங்காகக் கோக்க, ஒவ்வோர் எழுத்தும் சராசரியாகப் பத்து முறையாவது வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு 4 கோடி எழுத்துகள்.

3. அந்த 4 கோடி, மொத்த வாசிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே மொத்தம் 4,000 கோடி எழுத்துகளை வாசிக்க வேண்டும். 150 எழுத்துத் துண்டுகளாகச் சொன்னால் ஏறத்தாழ 27 கோடித் துண்டுகள்.

ஆயிரக்கணக்கான இனங்கள் சிறு சிறு பங்காக வாழும் காப்பித் தோட்ட மண்ணில் பெரும்பாலானவை ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அதனால்தான் மண் இந்தத் துறையின் மிகக் கடினமான களமாக இருக்கிறது. ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டிய மேடுகளை எடுத்துக்கொண்டால் நிலை மாறும். மக்னசைட் தோண்டியபின் குவித்த கழிவுப் பாறையில் மக்னீசியம் மிகுதி, மக்கிய பொருள் மிகக் குறைவு. இத்தகைய கடுமையான இடங்களில் தாக்குப்பிடிக்கும் இனங்கள் பொதுவாகக் குறைவு, ஒவ்வொன்றின் பங்கும் பெரிது, கோப்பது எளிது. வரலாற்றில் முதல் வெற்றியும் அப்படிப்பட்ட இடத்தில்தான் கிடைத்தது. 2004-இல் ஜில் பான்ஃபீல்டின் குழு, கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில், அமிலநீரின் மேல் படர்ந்த இளஞ்சிவப்பு ஆடையிலிருந்து இரண்டு நுண்ணுயிர்களின் தொகுதிகளைக் கிட்டத்தட்ட முழுமையாக மீட்டது. அந்த ஆடையில் வாழ்ந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களே.

கட்டுப் பிரிப்பது

இப்போது கையில் இருப்பவை லட்சக்கணக்கான தொடர்த்துண்டுகள். எது எந்த நூலின் ஏடு? இந்த வேலையைச் சுவடிக்கட்டு கட்டுவது என்றே சொல்லலாம். மூன்று துப்புகள் உண்டு.

1. கையெழுத்து. ஏடு எழுதியவரின் கை தெரிவதைப்போல, ஒவ்வோர் உயிரின் டி.என்.ஏ.விலும் நான்கெழுத்துச் சேர்க்கைகள் தனக்கே உரிய விகிதத்தில் வருகின்றன. நான்கெழுத்தில் அமையக்கூடிய சேர்க்கைகள் 256. டி.என்.ஏ. ஈரிழையானது; எந்த இழையை வாசித்தோம் என்று தெரியாததால், ஒரு சேர்க்கையையும் எதிரிழையில் அதற்கு இணையாக அமையும் சேர்க்கையையும் ஒன்றாக எண்ணினால் 136. ஒரு தொடர்த்துண்டில் இந்த 136-இன் விகிதத்தை எண்ணி, ஒத்த விகிதம் உள்ளவற்றை ஒரே கட்டில் வைக்கிறார்கள். துண்டு சில ஆயிரம் எழுத்துகளாவது இருந்தால்தான் கை அடையாளம் தெளிவாகத் தெரியும்.

2. படிகளின் எண்ணிக்கை. நூறு படிகள் இருந்த நூலின் எந்தத் துண்டும் நூறு அளவில் கிடைக்கும். ஐந்து படிகள் இருந்த நூலின் துண்டு ஐந்து அளவில் கிடைக்கும். அதைப்போலவே, ஒரே உயிரின் தொடர்த்துண்டுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அடர்வில் வாசிக்கப்பட்டிருக்கும்.

3. சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குவது. மூன்றிலும் வலுவான துப்பு இதுதான். சேர்வராயன் மலையிலிருந்து வரும் நீர் தேங்கும் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் ஒரே நாளில் ஒரு குடுவை நீர் எடுப்பதைவிட, கோடையில் ஒன்று, முதல் மழையில் ஒன்று, ஐப்பசி வெள்ளத்தில் ஒன்று, மார்கழியில் ஒன்று என எடுப்பது மேல். ஓர் உயிர் மழையில் பெருகிக் கோடையில் குறைந்தால், அதன் தொடர்த்துண்டுகள் அத்தனையும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். கையெழுத்து ஒத்திருந்தும் தாளம் ஒவ்வாத துண்டு வேறு உயிருடையது. பத்து மாதிரிகளைச் சற்று மேலோட்டமாக வாசிப்பது, ஒரு மாதிரியை மிக ஆழமாக வாசிப்பதைவிடக் கட்டுப் பிரிக்க உதவும். ஆய்வுக்குத் திட்டமிடும் மாணவர்கள் தொடக்கத்திலேயே நினைவில் கொள்ள வேண்டியது இது.

இந்தத் துப்புகளைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம் உண்டு. 2015-இல் நீர்க்கரடி என்ற சிற்றுயிரின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா முதலிய பிற உயிர்களிடமிருந்து வந்தது என்று அறிவிக்கப்பட்டு உலகெங்கும் செய்தியானது. எடின்பரோவில் அதே இனத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மார்க் பிளாக்ஸ்டரின் குழு, தொடர்த்துண்டுகளின் எழுத்து விகிதத்தையும் வாசிப்பு அடர்வையும் வரைந்து பார்த்தது. அந்நிய மரபணுக்கள் எனப்பட்டவற்றில் பெரும்பாலானவை நீர்க்கரடியோடு கலந்து வந்த பாக்டீரியாக்களுடையவை என்று தெரிந்தது. வேறு நூலின் ஏடுகள் கட்டுக்குள் புகுந்திருந்தன.

மதிப்பெண்: நிறைவும் கலப்பும்

மூலநூலைப் பார்க்காமலே, கட்டு முழுதா குறையா என்று எப்படி அறிவது? பாக்டீரியா வகைகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருந்தே தீரும், ஒரே ஒரு முறை மட்டும் வரும் சில மரபணுக்கள் உண்டு. ஒவ்வொரு நூலிலும் ஒரு காப்புச் செய்யுள், ஒரு பாயிரம், ஒரு நூற்பயன் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் எண்ணிப் பார்த்துவிடலாம் அல்லவா? எதிர்பார்த்த 100 அடையாள மரபணுக்களில் 92 இருந்தால் நிறைவு ஏறத்தாழ 92 விழுக்காடு. ஒருமுறை வர வேண்டியவற்றில் நான்கு இருமுறை வந்தால் கலப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு. ஒரே கட்டில் இரண்டு காப்புச் செய்யுள் இருந்தால் இரண்டு நூல்கள் கலந்திருக்கின்றன என்று பொருள். 2015-இல் வெளிவந்த செக்-எம் என்ற மென்பொருள் இந்தக் கணக்கை நுட்பமாகச் செய்து துறையின் பொது அளவுகோலானது.

2017-இல் அறிவியலாளர்கள் சேர்ந்து தர வரிசை ஒன்றை வகுத்தார்கள்.

1. உயர்தரம்: நிறைவு 90 விழுக்காட்டுக்கு மேல், கலப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழ். அத்துடன் மூன்று ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களும் புரதத்துக்கான மூலப்பொருளைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ.க்கள் குறைந்தது 18-உம் இருக்க வேண்டும்.

2. நடுத்தரம்: நிறைவு 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல், கலப்பு 10 விழுக்காட்டுக்குக் கீழ்.

3. தாழ்தரம்: நிறைவு 50 விழுக்காட்டுக்குக் கீழ், கலப்பு 10 விழுக்காட்டுக்குக் கீழ்.

பாதி நூல் கிடைத்தாலே நடுத்தரம் என்பதைக் கவனிக்க வேண்டும். அத்தகைய கட்டில் "இந்த மரபணு இருக்கிறது" என்று சொல்லலாம். "இந்த மரபணு இல்லை" என்று சொல்ல முடியாது. இல்லாதது மீட்கப்படாத பாதியில் இருக்கலாம். என் பார்வையில், இந்தத் துறையின் செய்திகளில் மிகுதியாக நிகழும் பிழை இதுவே.

அளவுகோலும் சில நேரம் ஏமாற்றும். 2015-இல் அமெரிக்காவின் ரைஃபிள் என்ற ஊரின் நிலத்தடி நீரிலிருந்து, மிகச் சிறிய செல்களும் மிகச் சிறிய தொகுதிகளும் உள்ள பாக்டீரியாக்களின் 789 வரைவுத் தொகுதிகளைப் பான்ஃபீல்டின் குழு மீட்டது. எல்லா பாக்டீரியாக்களிலும் இருக்கும் என்று கருதப்பட்ட அடையாள மரபணுக்களில் சில, அந்த வகையில் இயல்பாகவே இல்லை. முழு நூல்கள், குறைநூல்கள் போல மதிப்பெண் பெற்றன.

தலைப்புச் செய்தியில் வரும் "புதிய இனங்கள்" என்ற சொல்லுக்கும் இப்போது விடை சொல்லலாம். இரு தொகுதிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, சராசரியாக 95 விழுக்காடு ஒத்திருந்தால் ஒரே இனம் என்று கொள்வது இன்றைய வழக்கு. தரவுத்தளத்தில் உள்ள எதனோடும் அந்த அளவுக்கு ஒத்துவராத கட்டுகளை எண்ணித்தான் "நூறு புதிய இனங்கள்" என்கிறார்கள். பாக்டீரியாக்களுக்கு முறைப்படி பெயரிடும் பன்னாட்டு விதிப்படி, உயிருள்ள வளர்ப்பை இரு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். தொகுதி மட்டுமே கிடைத்த உயிர்களுக்காக 2022-இல் சீக்கோட் என்ற தனி விதித்தொகுப்பு வந்தது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு மட்டுமே மனித நுண்ணுயிர்க் கூட்டங்களிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளை மீட்டதைப் பார்த்தால், வளர்த்தபின் பெயர் என்ற விதி தாங்காது என்பது புரியும்.

கட்டிலிருந்து நழுவுபவை

மருந்துக்கு அடங்காத கிருமி பற்றிய செய்திக்கு வருவோம். சேர்வராயன் மலைப்பகுதியில் பிறந்து, சேலம் நகருக்குள் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்து, காவிரியில் சேர்கிறது திருமணிமுத்தாறு. அந்த நீரின் மெட்டாஜீனோமில் ஓர் எதிர்ப்பு மரபணு தென்பட்டால் அதற்கு என்ன பொருள்?

மருந்தெதிர்ப்பு மரபணுக்களில் பல, பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வில் இருப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்களில் இருக்கின்றன. அவை ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்கும் தாவும். ஊர் ஊராகச் சுற்றும் வளையத்துக்கு, தங்கியிருக்கும் வீட்டின் கையெழுத்து இருக்காது. ஒரே செல்லில் பல படிகள் இருப்பதால் வாசிப்பு அடர்வும் ஒத்துவராது. கட்டுப் பிரிக்கும் துப்புகள் மூன்றும் ஒரே நேரத்தில் கைவிடும் இடம் இது. கணினியில் உருவாக்கிய மாதிரித் தரவை வைத்து 2020-இல் வெளியான ஒரு சோதனையில், முதன்மை டி.என்.ஏ.வில் 82 முதல் 94 விழுக்காடு வரை சரியாக மீட்கப்பட்டது. பிளாஸ்மிட்களில் மீட்கப்பட்டது 1 முதல் 29 விழுக்காடு மட்டுமே.

ஆகவே ஆற்றில் எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்பது ஒரு செய்தி. அதைச் சுமப்பது நோய் தரும் பாக்டீரியாவா, தீங்கற்ற மண்வாசியா என்பது வேறு செய்தி. முதலாவதை வைத்து இரண்டாவதை அறிவிப்பது தவறு. இரண்டாவது தெரியவில்லை என்பதால் முதலாவதை அலட்சியம் செய்வதும் தவறு. தாவும் வளையம் இன்று யாரிடம் இருந்தாலும் நாளை வேறிடம் போகும். செல் உடைவதற்கு முன்பே, அருகருகே இருக்கும் டி.என்.ஏ. இழைகளை வேதிமுறையில் பிணைத்துவிடும் ஹை-சி என்ற நுட்பம், எந்த வளையம் எந்தச் செல்லில் இருந்தது என்பதைக் காட்டக்கூடியது. திருமணிமுத்தாறு போன்ற ஆறுகளுக்கு வேண்டியது அத்தகைய ஆய்வு.

வேறு மூன்று நழுவல்களும் உண்டு.

1. இறந்தவற்றின் எழுத்து. செல் செத்தபின்னும் டி.என்.ஏ. மண்துகளில் ஒட்டி நெடுநாள் கிடக்கும். பல வகை மண்களை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் டி.என்.ஏ.வில் சராசரியாக 40 விழுக்காடு இத்தகைய எச்சம் என்று தெரிந்தது.

2. கருவிப்பெட்டியின் அழுக்கு. டி.என்.ஏ. பிரிக்கும் வேதிப்பொருள்களிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. இம்மியளவு இருக்கும். காப்பித் தோட்ட மண்ணில் அது தெரியாது. மலையூற்றுத் தெளிநீரில், செல்களே குறைவாக இருக்கும்போது, அழுக்கு மாதிரியை விழுங்கிவிடும். மாதிரியே இடாத வெற்றுக் குடுவை ஒன்றையும் உடன் வாசித்தார்களா என்று பார்க்க வேண்டும்.

3. பாடபேதம். ஒரே இனத்தின் நெருங்கிய வகைகள் கலந்து வாழும்போது, மென்பொருள் அவற்றை ஒன்றாக்கிவிடும். பல படிகளின் பாடங்களைக் கலந்து பதிப்பித்த நூல்போல, கிடைக்கும் தொகுதி எந்த ஒரு செல்லுக்கும் அப்படியே உரியதாக இருக்காது.

மீட்டதால் என்ன தெரிந்தது?

இத்தனை குறைகளையும் அடுக்கியபின், இந்த வழி எவ்வளவு பெரிய கதவைத் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற இரண்டு வகை பாக்டீரியாக்கள் வேண்டும், ஒன்று பாதி வேலை செய்து மற்றதிடம் தரும் என்று நூறாண்டுக்கு மேல் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2015-இல் இரு குழுக்கள், முழு வேலையையும் தனியே செய்யத் தேவையான மரபணுக்கள் நைட்ரோஸ்பைரா என்ற ஒரே பாக்டீரியாவின் தொகுதியில் சேர்ந்திருப்பதைக் காட்டின. உரமிட்ட வயலுக்கும் கழிவுநீர் நிலையத்துக்கும் நேரடித் தொடர்புள்ள கண்டுபிடிப்பு அது.

அதே 2015-இல், கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே, ஆழ்கடல் வெந்நீர் ஊற்று ஒன்றுக்கு அருகிலிருந்து எடுத்த சேற்றிலிருந்து லோக்கி ஆர்க்கியாவின் தொகுதி மீட்கப்பட்டது. தாவரம், விலங்கு, மனிதர் ஆகியோரின் செல்களில் மட்டுமே இருப்பதாக எண்ணிய சில மரபணுக்கள் அதில் இருந்தன. கலப்பினால் வந்த பொய்த்தோற்றம் என்று சிலர் ஐயுற்றார்கள், நியாயமான ஐயம்தான். ஜப்பானியக் குழு ஒன்று, 2006-இல் தங்கள் நாட்டுக் கடற்பகுதியில் எடுத்த சேற்றை, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக உருவான பஞ்சுக் கலனில் ஊட்டி வளர்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப்பின், லோக்கியின் உறவான ஓர் உயிரை வளர்த்து 2020-இல் வெளியிட்டது. அந்த மரபணுக்கள் உண்மையிலேயே அதனிடம் இருந்தன. ஜவ்வரிசிக் கழிவுநீரின் மூன்றாம் கூட்டத்தைப்போலவே, மீத்தேன் ஆர்க்கியா பக்கத்தில் இருந்தால்தான் அது வளர்ந்தது. ஒரு செல் இரண்டாக 14 முதல் 25 நாட்கள் ஆயின. ஆனால் அதன் உடலிலிருந்து நீண்டு கிளைக்கும் கைகளை, எழுத்தை மட்டும் படித்திருந்த எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

மண் யாருடையது, எழுத்து யாருடையது?

இந்தியாவின் உயிரியல் பன்மயச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டது. உயிரியல் வளம் என்ற சொல்லுக்குள் நுண்ணுயிர்களையும் அவற்றின் மரபுப்பொருளையும் அது சேர்க்கிறது. வெளிநாட்டார் அவற்றை எடுக்கச் சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். உள்ளாட்சி தோறும் உயிரியல் பன்மய மேலாண்மைக் குழு அமைக்கவும் சட்டம் சொல்கிறது. சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினருக்கும் இதில் பங்கு உண்டு; அந்த மண்ணை அந்த நிலையில் வைத்திருப்பவர்களில் அவர்கள் முதன்மையானவர்கள்.

சிக்கல் என்னவென்றால், மரபணுத்தொகுதியை மீட்டபின் எவருக்கும் மண் தேவையில்லை. எழுத்து வரிசை பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும்; உலகின் எந்த மூலையிலும் அதைப் பார்த்து ஒரு நொதியின் மரபணுவைச் செயற்கையாகச் செய்துகொள்ளலாம். தரவு திறந்திருப்பது அறிவியலுக்கு உயிர்மூச்சு. மீட்கப்பட்ட தொகுதிகளை ஒப்பிட முடிவதே அதனால்தான். ஆனால் அதிலிருந்து வரும் ஆதாயத்தில் மலைக்கு என்ன என்ற கேள்வியை இதைக் காரணம் காட்டித் தள்ளிவிட முடியாது. 2022 டிசம்பரில் மான்ட்ரியாலில் கூடிய உயிரியல் பன்மய மாநாடு, இத்தகைய எண்மத் தொடர்த் தகவலுக்காகப் பலநாட்டுப் பகிர்வு முறை ஒன்றை ஏற்படுத்த முடிவெடுத்தது. 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய மாநாடு அதற்கென ஒரு நிதியத்தை வகுத்தது. அந்தப் பணத்தில் பாதியாவது பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போய்ச்சேர வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நிறுவனங்கள் அதில் பணம் செலுத்துவது கட்டாயமில்லை.

இதில் உள்ளூர் ஆய்வாளர் கையிலேயே இருக்கும் ஒரு வேலை உண்டு. உலகின் மூன்று பெரிய தொடர்வரிசைத் தரவுத்தளங்களும் 2023 முதல், மாதிரி எந்த நாட்டில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதைப் பதிவிடுவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஊர், மலை, உயரம், மண்ணின் ஆழம், அமிலத்தன்மை ஆகியவற்றுக்கும் கட்டங்கள் உண்டு; அவற்றில் எவை கட்டாயம் என்பது தேர்ந்தெடுக்கும் பதிவுப் படிவத்தைப் பொறுத்தது.  ஏற்காட்டிலிருந்தோ மூக்கனேரியிலிருந்தோ மாதிரி எடுப்பவர்கள் அந்தக் கட்டங்களில் சேர்வராயன் மலையின் பெயரையும், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழுதிவிட வேண்டும்.